காக்கைக்கு வைத்த சோற்றைத் திரும்பப் பொறுக்கினேன்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவைப் பற்றி ஒரு பயணக் கட்டுரை வந்திருந்தது. எழுதியவரைக் குறை சொல்ல மாட்டேன். பாறைகளையும் மரங்களையும் நன்றாகத்தான் வர்ணித்திருந்தார். கட்டுரைக்கு மேலே, கட்டுரையைவிடப் பெரிதாக ஒரு படம். வேட்டி கட்டிய ஒருவர் பாறைமேல் சோறு வைக்கிறார்; இரண்டு கறுப்புப் பறவைகள் பக்கத்துப் பாறையில் காத்திருக்கின்றன. ‘கடல் கடந்தாலும் காக்கைக்கு ஒரு பிடி’ என்று கீழே போட்டிருந்தீர்கள்.

அருப்புக்கோட்டையிலிருந்து என் நாத்தனார் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். “அண்ணி, நீங்களும் அங்கேதானே போனீங்க? அண்ணனுக்கு வச்சீங்களா?” என்று கூடவே ஒரு குரல் பதிவு.

வைத்தேன். வைத்ததைத் திரும்பப் பொறுக்கியும் எடுத்தேன். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும். கூட்டுறவுச் சங்கத்தில் முப்பத்தோரு வருஷம் கணக்கு எழுதியவள் நான்; வரவு செலவு முழுவதையும் காட்டித்தான் பழக்கம்.

பேத்தியைப் பார்த்துக்கொள்ள பிப்ரவரியில் இர்வைனில் இருக்கும் மகள் வீட்டுக்கு வந்தேன். சாயங்காலம் நடக்கப் போகும் பூங்காவில் மூன்று பேர் சிநேகமானார்கள். பாளையங்கோட்டைக்காரரான நர்ஸ் அக்கா இங்கேயே ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், எங்கள் நாலு பேரில் மூத்தவர். காரைக்குடி ஆச்சி என்னைப் போலவே பேரப்பிள்ளைக்காக வந்தவர். மூன்றாமவர் யாழ்ப்பாணத்து டீச்சர். பேர் சொல்ல வேண்டாம் என்று மூவரும் கேட்டுக்கொண்டதால் இப்படியே எழுதுகிறேன்.

நர்ஸ் அக்காவிடம் ஒரு வேன் உண்டு. கூடாரம், அடுப்பு, தூங்கும் பை எல்லாம் அதிலேயே கிடக்கும். பிள்ளைகள் சின்னதாக இருந்த காலத்திலிருந்து பாலைவனத்தில் முகாம் போடுகிறவர். 2025 மார்ச் 28, வெள்ளிக்கிழமைக்கு ஜம்போ ராக்ஸ் என்ற முகாமில் இரண்டு ராத்திரிக்கு இடம் எடுத்திருந்தார். அவரோடு வர இருந்த வேறு யாரோ வராமல் போக, அந்த அதிர்ஷ்டம் எங்களுக்கு அடித்தது. மறுநாள் பங்குனி அமாவாசை. நிலா இல்லாவிட்டால்தான் நட்சத்திரம் பார்க்க முடியும் என்று அவர் கணக்குப் பார்த்து எடுத்த தேதி. எனக்கு அதே தேதி வேறு கணக்கு. என் வீட்டுக்காரர் போய் நாலு வருஷம் ஆகிறது. அமாவாசைதோறும் அவருக்காகக் காக்கைக்குச் சோறு வைப்பேன். மகள் இருக்கும் குடியிருப்பில் பால்கனியில் எதையும் வைக்கக் கூடாது என்று சட்டம். மாசி அமாவாசை வெறுமே போயிற்று. இந்தத் தடவை விடக்கூடாது என்று வாழைக்காயும், கடையில் உறைய வைத்து விற்கும் வாழை இலையும் வாங்கி, துணிப் பைக்குள் கமுக்கமாக வைத்துக்கொண்டேன்.

இரண்டரை மணி நேரப் பயணம் என்றார்கள், வெள்ளிக்கிழமை நெரிசலில் நாலு மணி நேரம் ஆனது. வழியில் மலைக் கணவாயில் ஆயிரக்கணக்கில் காற்றாலை. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கம் போன மாதிரியே இருந்தது, ஆச்சி தூக்கத்திலிருந்து விழித்து, “நாகர்கோவில் வந்துருச்சா?” என்று கேட்டுவிட்டார்.

பூங்கா எவ்வளவு பெரியது என்றால், சுமார் 3,200 சதுர கிலோமீட்டர். எங்கள் விருதுநகர் மாவட்டத்தில் முக்கால்வாசி. உள்ளே ஒரு பெட்டிக்கடை கிடையாது, ஒரு டீக்கடை கிடையாது, பெரும்பாலான இடத்தில் செல்போன் எடுக்காது. எங்கள் முகாமில் 124 இடங்கள் இருந்தும் ஒரு குழாய்கூட இல்லை. கழிப்பறை உண்டு, அதிலும் தண்ணீர் இல்லை. குழி மட்டும்தான். உங்கள் கட்டுரையில் இந்த விஷயம் ஒரு வரிகூட வரவில்லை. ‘தேவையான குடிநீர் எடுத்துச் செல்லவும்’ என்று ஒப்புக்கு ஒன்று இருந்தது. தேவை எவ்வளவு என்று யார் சொல்வது?

பூங்காக்காரர்கள் சொல்வது ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது ஒரு காலன், அதாவது 3.8 லிட்டர். நடை போவதாக இருந்தால் இரண்டு காலன். நர்ஸ் அக்கா ஐந்து காலன் கேன் இரண்டு கொண்டுவந்திருந்தார். மொத்தம் 38 லிட்டர். சனிக்கிழமை மத்தியானம் வெளியே ஊர்ப்பக்கம் போகும்போது திரும்ப நிரப்பிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். வெள்ளைக்காரக் குடும்பம் என்றால் அதுவே மிஞ்சும். ரொட்டியைக் கடித்துவிட்டுக் காகிதத்தில் கையைத் துடைத்துக்கொள்வார்கள். நாங்கள் சாயங்காலம் இறங்கியதும் உலை வைத்தோம்.

சனிக்கிழமை விடிவதற்குள் ஒரு கேன் காலி. நர்ஸ் அக்கா கேனை ஆட்டிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். கணக்கரிடம் கணக்குக் கேட்கிறார்! தலையணையில் சாய்ந்தபடி மனக்கணக்குப் போட்டேன். அரிசியும் பருப்பும் களைய 4 லிட்டர் (நான் மூன்று தண்ணீர் களைவேன், தெளிந்து வராவிட்டால் மனசு ஒப்பாது). உலைக்கும் ரசத்துக்கும் 3. பாத்திரம் கழுவ 5. கை கால் முகம், சாப்பிட்டு வாய் கொப்பளிக்க 3. சொல்லக் கூச்சமாக இருந்தாலும் கணக்கில் மறைக்கக் கூடாது, கழிப்பறைக்கு 2. ஆக 17. மிச்சம் 2 லிட்டரைத்தான் நாலு பேரும் குடித்திருந்தோம்.

பாலைவனத்துக்குள் வந்து, கொண்டுவந்த தண்ணீரில் பத்தில் ஒரு பங்குகூடக் குடிக்கவில்லை. நான் எந்த ஊர்க்காரி? விடிகாலை மூன்று மணிக்குக் குடத்தை வரிசையில் போட்டுவிட்டு, அதற்குப் பக்கத்திலேயே தூங்கி வளர்ந்தவள். குழம்புச் சட்டியைச் சாம்பல் போட்டுத் தேய்த்து ஒரு செம்புத் தண்ணீரில் அலசத் தெரிந்தவள். மகள் வீட்டுக் குழாயடியில் ஒன்றரை மாசம் நின்றதும் கை மறந்துவிட்டது.

சரி, வெள்ளிக்கிழமை ராத்திரியைப் பற்றி ஒன்று சொல்லிவிட்டு வருகிறேன். சாப்பாட்டுக்கு முன்னால் அடுப்புக்கென்று சுள்ளி பொறுக்கக் குனிந்தேன். கை தானாகப் போயிற்று. “ஏட்டி, அதை அங்கேயே போடு!” என்று நர்ஸ் அக்கா ஒரு அதட்டல். பூங்காவுக்குள் காய்ந்த குச்சியைக்கூட எடுக்கக் கூடாதாம். விழுந்து மக்கும் ஜோஷுவா மரத்துக்கு அடியில் சின்னப் பல்லி ஒன்று வாழ்கிறது, கறையான் வாழ்கிறது, அதைத் தின்ன வேறொன்று வருகிறது. விறகு வெளியிலிருந்துதான் வாங்கி வர வேண்டும். அந்த மரமே மரம் இல்லை, நம் கற்றாழைக்குச் சொந்தம். உச்சியில் வெள்ளை வெள்ளையாகக் குலை தள்ளியிருந்தது. அதற்கு மகரந்தம் சேர்ப்பது ஒரே வகைச் சின்ன அந்துப்பூச்சிதான் என்று அக்கா சொன்னார். வேறு தேனீயும் வண்டும் வந்து புண்ணியமில்லை.

சாப்பிட்டு முடித்து விளக்கை அணைத்தோம். நான் கண்ட ஆகாயத்திலேயே அதுதான் பெரிது. மேற்கே மட்டும் ஊர் வெளிச்சம் மங்கலாகத் தெரிந்தது, மற்றபடி கும்மிருட்டு. 2017-ல் இதை இருண்ட வானப் பூங்கா என்று சர்வதேச அளவில் அங்கீகரித்திருக்கிறார்களாம். கார்த்திகைக் கூட்டத்தில் ஆச்சி ஆறு எண்ணினார், டீச்சர் எட்டு என்று அடம்பிடித்தார். ரோகிணிக்குப் பக்கத்தில் குரு பளிச்சென்று நின்றார். குரு ரிஷபத்தில், செவ்வாய் மிதுனத்தில் என்று உங்கள் ராசிபலனில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். மறுநாள் திருக்கணிதப்படி சனிப்பெயர்ச்சி வேறு. சனி மட்டும் சூரியனோடு சேர்ந்து போய்விட்டதால் தெரியவில்லை. அவரைப் பார்க்காமல் இருப்பதே நல்லது என்றார் ஆச்சி.

இப்போது சனிக்கிழமை விடிகாலைக்கு வருகிறேன். தலைக்கு ஊற்றாமல் அமாவாசைச் சமையலா? மற்றவர்கள் எழுவதற்கு முன் பாறை மறைவில் போய், இரண்டாவது கேனிலிருந்து நாலு லிட்டர் எடுத்துத் தலையில் ஊற்றிக்கொண்டேன். பல் கிடுகிடுத்தது. அப்புறம் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல். அரிசியை அன்றைக்கும் மூன்று தண்ணீர்தான் களைந்தேன், அமாவாசை ஆயிற்றே. நர்ஸ் அக்கா எழுந்து வந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. ஏழு மணிக்கு நடை கிளம்ப வேண்டும் என்று முந்தின நாள் மூன்று தடவை சொல்லியிருந்தார்.

எட்டரை மணி இருக்கும். கூடாரத்துக்குப் பின்னால் இடுப்புயரத்தில் ஒரு தட்டைப் பாறை. இலை நறுக்கைப் போட்டு, சோற்றில் பருப்பும் நெய்யும் விட்டுப் பிசைந்து, எள் தூவி வைத்தேன். கா கா என்று கூப்பிட வாயைத் திறக்குமுன்பே வந்துவிட்டன, இரண்டு. நம் ஊர்க் காக்கை இல்லை, அண்டங்காக்கையைவிடவும் பெரிது. கழுத்துக்குக் கீழே தாடி மாதிரி இறகு, ஆப்பு வடிவத்தில் வால். கரைவது கா இல்லை, தொண்டைக்குள்ளிருந்து ‘க்ரர்க்’ என்று கட்டைக் குரல். இங்கே ரேவன் என்கிறார்கள். பாலிதீன் பை சரசரத்த நேரத்திலிருந்தே எதிர்ப் பாறையில் உட்கார்ந்து என்னைக் கவனித்திருக்கின்றன. ஒன்று நேரே நெய்ச் சோற்றில் வாய் வைத்தது. தொண்டை புடைக்க அடைத்துக்கொண்டு பறந்து போய் ஒரு புதர் அடியில் ஒளித்து வைத்துவிட்டுத் திரும்பவும் வந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர். அவரும் அப்படித்தான், பிடித்ததை ஒரே மூச்சில் சாப்பிட மாட்டார், நாளைக்கு என்று எடுத்து வைப்பார்.

அந்த நேரத்தில்தான் முகாமைச் சுற்றி வந்த வனக்காவலர் பெண் எங்கள் பக்கம் திரும்பினாள். சாம்பல் நிறச் சட்டை, பச்சைக் கால்சட்டை, தட்டைத் தொப்பி. வயது ரொம்பக் கம்மிதான் இருக்கும். சத்தம் போடவில்லை. பாறையைப் பார்த்தாள், என் ஈரத் தலையைப் பார்த்தாள், இது என்ன சடங்கு என்று கேட்டாள். நர்ஸ் அக்கா சொன்னார். தொப்பியைக் கழற்றி, உங்கள் கணவருக்கு என் வருத்தங்கள் என்று முதலில் சொன்னாள். அப்புறம்தான் சொன்னாள், எந்தத் தேசியப் பூங்காவிலும் பறவைக்கோ விலங்குக்கோ தீனி போடுவது குற்றம், அபராதம் உண்டு என்று.

ஏன் என்று கேட்டேன். தன் கட்டைவிரல் நகத்தை என் முன்னால் நீட்டி, அழுத்திக் காட்டினாள்.

இந்தப் பாலையில் ஒரு தரை ஆமை இருக்கிறது. வாழ்நாளில் பெரும்பகுதியை மண்ணுக்குள் வளையில் கழிக்கிறது. மழை பெய்தால் குடித்து மூத்திரப்பையில் சேமித்து வைத்துக்கொண்டு, அதை வைத்தே மாசக்கணக்கில் ஓட்டும். யாராவது ஆசையாகக் கையில் தூக்கினால் பயத்தில் அத்தனையையும் விட்டுவிடும். அடுத்த மழை வருமுன் தாகத்தில் செத்தாலும் செத்துவிடும். முட்டையிலிருந்து வரும் குஞ்சு இரண்டு அங்குலம், முதல் ஐந்தாறு வருஷத்துக்கு ஓடு நகம் மாதிரிதான் இருக்கும், வளையும். ரேவனின் அலகுக்கு அது ஒரு கொத்து. முட்டையிடும் வயதுக்கு வரவே ஒரு ஆமைக்குப் பத்துப் பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகும். 1990-ல் அமெரிக்க அரசு இந்த ஆமையை அழிவு அபாயம் உள்ள உயிரினப் பட்டியலில் சேர்த்தது.

ரேவன் அந்நியப் பறவை இல்லை, எப்போதும் இங்கே இருந்ததுதான், ஆனால் கொஞ்சமாக இருந்தது. பாலைவனம் அதற்கு மேல் சோறு போடாது. மனுஷன் வந்து குப்பைமேடு, மின்கம்பம், சொட்டும் குழாய், சிந்திய சாப்பாடு எல்லாம் கொடுத்ததும் பல மடங்காகப் பெருகிவிட்டது. வயிறு நிறைந்த ஜோடி பக்கத்திலேயே கூடு கட்டும். சில கூடுகளுக்குக் கீழே ஓட்டை விழுந்த குட்டி ஓடுகள் குவிந்து கிடந்ததை ஆராய்ச்சிக்காரர்கள் பார்த்திருக்கிறார்கள். “நீங்கள் வைத்தது ஒரு பிடி. இந்த முகாமில் 124 இடம். வருஷம் முழுக்க ஆள்” என்றாள். நர்ஸ் அக்கா மொழிபெயர்க்கத் தேவையே இல்லாமல் அது எனக்குப் புரிந்தது. பெருக்கல் கணக்குதானே.

இதை முகாமில் அறிவித்திருந்தார்களா என்று கேட்பீர்கள். பலகை இருந்தது. நான்தான் காக்கைச் சோறு தீனியில் சேராது என்று நினைத்தேன்.

அபராதம் போடவில்லை. மீதியை எடுத்துவிடச் சொல்லிவிட்டுப் போனாள். இலையை மடித்துவிட்டேன், ஆனால் பாறையில் சிதறிய பருக்கைகள்? அந்தப் பாறை கல் உப்பு மாதிரி கரகரவென்று இருக்கும், நெடுக வெடிப்பு. கை விரல் போகாது. சோய்யா (cholla) என்ற முள்கள்ளிக்குப் பயந்து நர்ஸ் அக்கா முள் எடுக்கும் இடுக்கியும் சீப்பும் வைத்திருந்தார். அந்தக் கள்ளி லேசாக உரசினாலே ஒரு கட்டியாகக் கழன்று வந்து ஒட்டிக்கொள்ளும்; சீப்பைக் கொடுத்து நெம்பித்தான் தள்ள வேண்டும். அந்த இடுக்கியை வாங்கிக்கொண்டு ஒவ்வொரு பருக்கையாக எடுத்தேன். டீச்சர் டார்ச் அடித்தார். ரேவன் இரண்டும் நகரவே இல்லை, பறிகொடுத்த மாதிரி பார்த்துக்கொண்டிருந்தன. முக்கால் மணி நேரம் ஆயிற்று. அவருக்கு வைத்த சோற்றை நானே பிடுங்குகிற மாதிரி இருந்தது. அழுகையை அடக்கிக்கொண்டுதான் எடுத்தேன்.

டீச்சர்தான் பேசினார். “அக்கா, நாங்கள் இடம்பெயர்ந்து இருக்கேக்க காகத்துக்கு வைக்கச் சோறு இல்லை. அம்மா ஒரு பிடி எடுத்து அப்பாவை நினைச்சுக் கும்பிட்டுட்டு எங்கட தட்டிலதான் வைப்பா. பிள்ளையள் திண்டால் அவர் திண்ட மாதிரி எண்டு சொல்லுவா.” வேறொன்றும் சொல்லவில்லை. இலையில் மீதியிருந்த சோற்றை நாலு பேரும் ஆளுக்கொரு வாயாகச் சாப்பிட்டோம். காக்கை எச்சில் பட்ட பக்கத்தை மட்டும் ஒதுக்கிப் பையில் கட்டினோம்.

என் அமாவாசையால் கிளம்பவே பதினொன்று ஆயிற்று. அதன் பலனை ஆச்சி அனுபவித்தார். டுவென்டிநைன் பாம்ஸ் ஊருக்குப் போய்க் கேன்களை நிரப்பினோம். முன்னொரு காலத்தில் அங்கே செரானோ பழங்குடியினர் ஆண் குழந்தை பிறக்கும்போதெல்லாம் ஒரு பனை நட்டார்கள், முதல் வருஷம் 29 என்பது கதை. அங்கிருந்து ஃபார்ட்டிநைன் பாம்ஸ் பாலைச் சோலைக்கு நடை, போக வர மூன்று மைல், ஐந்து கிலோமீட்டருக்கும் குறைவு. ஏறி இறங்கிப் போக வேண்டும், வரும்போதும் ஏறி இறங்க வேண்டும். நிழல் கிடையாது. நிரப்பிய 38 லிட்டரையும் வேனில் வைத்துவிட்டு, கனக்கும் என்று ஆளுக்கு ஒரு லிட்டர் பாட்டிலோடு நடந்தோம். இதற்கு நர்ஸ் அக்காவும் உடந்தை. அவர் மட்டும் இரண்டு எடுத்திருந்தார்.

வெயில் அப்படியொன்றும் சுடவில்லை. அதுதான் மோசம். வேர்த்தால்தானே தெரியும்? வேர்வை வந்த வேகத்தில் காய்ந்துவிடுகிறது. கன்னத்தைத் தடவினால் உப்பு நறநறக்கிறது.

சோலையைப் பார்த்ததும் டீச்சரும் நானும் ஒரே குரலில் “பனை!” என்றோம். கலிபோர்னியாவில் தானாக முளைக்கும் பனை இது ஒன்றுதான். அதே விசிறி ஓலை. ஆனால் நம் ஊரில் ஏறி ஓலை கழிக்க ஆள் உண்டு. இங்கே காய்ந்த ஓலை ஒன்றுகூட விழாமல் பாவாடை மாதிரி அடிவரை தொங்குகிறது. நுங்கு இல்லை. கறுப்பாகக் குட்டிப் பழம், இந்த மண்ணின் பழங்குடியினர் அதைத்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். அடியில் தண்ணீர் கசிந்து நின்றது. முகம் கழுவலாமா என்றார் ஆச்சி. அது மலையாட்டுக்கும் பறவைக்கும் உள்ள தண்ணீர் என்று அக்கா தடுத்தார்.

திரும்பும் ஏற்றத்தில் ஆச்சி உட்கார்ந்துவிட்டார். தலை சுற்றுகிறது, கண் இருட்டுகிறது என்றார். எங்கள் மூவர் பாட்டிலும் காலி. நர்ஸ் அக்கா தன் இரண்டாவது பாட்டிலில் உப்பும் சர்க்கரையும் கரைத்து, மடக்கு மடக்காகக் கொடுத்து, துப்பட்டாவை இரண்டு பேர் பிடித்து நிழல் பண்ணி, நாற்பது நிமிஷம் அங்கேயே உட்கார வைத்தார். கடவுள் புண்ணியத்தில் எழுந்து நடந்துவிட்டார். வேனிலோ தளும்பத் தளும்பத் தண்ணீர்.

அன்றைக்கு ராத்திரி நர்ஸ் அக்கா ஒரு விஷயம் சொன்னார். இந்தப் பாலை பூங்கா ஆனதே மினர்வா ஹோய்ட் என்ற அம்மாவால். புருஷனையும் கைக்குழந்தையையும் இழந்து, ஆறுதலுக்காக இங்கே வந்து திறந்த வெளியில் படுத்துக் கிடந்தவராம். பணக்காரர்கள் தோட்டத்துக்கென்று கள்ளியையும் மரத்தையும் வண்டி வண்டியாகப் பிடுங்கிப் போவதைப் பார்த்துப் பொறுக்காமல் வருஷக்கணக்கில் அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். 1936-ல் அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாக்கப்பட்ட இடமாக அறிவித்தார், 1994-ல் தேசியப் பூங்கா ஆயிற்று. ஆச்சி கேட்டுக்கொண்டே தூங்கிவிட்டார். நான் வெகுநேரம் தூங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு அரிசி களையவே இல்லை. அவல் நனைத்துச் சாப்பிட்டு, தட்டைக் காகிதத்தால் துடைத்தோம். ஊர் திரும்பும்போது ஒரு கேன் முழுசாக மிச்சம். கிளம்புமுன் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தோம், நிழலுக்கு ஆமை வந்து படுத்திருக்கும் என்பதால் அப்படிப் பார்க்கச் சொல்கிறார்கள். இல்லை. கடைசிவரை ஒரு ஆமையையும் நாங்கள் பார்க்கவில்லை.

ஆசிரியர் ஐயா, படத்தில் இருப்பவரை நான் ஏச வரவில்லை. எந்த மனசோடு வைத்திருப்பார் என்று எனக்குத் தெரியும். ஆனால் உங்கள் பத்திரிகையை இங்கே பிள்ளைகள் வீட்டில் இருக்கும் என் வயதுக்காரர்கள் எத்தனையோ பேர் போனில் படிக்கிறார்கள். அந்தத் தலைப்பைப் பார்த்துவிட்டு இன்னும் பத்துப் பேர் இலையும் எள்ளுமாகக் கிளம்புவார்கள். அந்தப் படத்தின் அளவுக்கே இல்லாவிட்டாலும், கால் பக்கத்திலாவது இதைப் போடுங்கள்.

இன்னொன்று அவசரம். இந்த 2025-ல் ஜூலை 24-ம் தேதி ஆடி அமாவாசை. பள்ளி விடுமுறை என்று கோடையில் அங்கே குழந்தை குட்டிகளோடு போக நினைப்பவர்கள் உண்டு. எங்களுக்கு நடந்தது மார்ச் மாசத்தில், இதமான காலத்தில். ஜூலையில் அங்கே நிழலிலேயே 38 டிகிரியைத் தாண்டும். வெயிலில் நடந்து செத்தவர்கள் இருக்கிறார்கள். போனால் அக்டோபருக்கு மேல், இல்லையென்றால் பிப்ரவரி, மார்ச். உங்கள் கட்டுரையில் ‘ஆண்டு முழுவதும் செல்லலாம்’ என்று இருப்பதைத் திருத்திப் போடுங்கள். தண்ணீருக்கு மேலே எழுதிய பூங்காக்காரர்களின் காலன் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். அரிசி களைகிற வீடாக இருந்தால் ஆளுக்கு மூன்று லிட்டர் கூடுதலாகச் சேர்க்கவும்.

நாத்தனாருக்குப் பதில் சொல்லிவிட்டேன். “எடுத்துட்டீங்களா? எல்லாத்தையுமா?” என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் இல்லை. அந்தப் பாறை வெடிப்பில், இடுக்கி எட்டாத ஆழத்தில், மூன்று பருக்கை நின்றுவிட்டது.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்கக் கணக்கர்,
அருப்புக்கோட்டை.
(ஆகஸ்ட் முதல் வாரம் வரை இர்வைன், கலிபோர்னியா)